ருக்மிணி தேவியும் நம்ம சோப்புக் கட்டியும்

மலருக்கு ஆளுக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தரணும் என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் முடிவானது. வேலு நாச்சியார், முத்துலட்சுமி ரெட்டி, அன்னை தெரசா என்று நல்ல நல்ல பெயரை எல்லாம் மற்ற குழுக்காரங்க முதலிலேயே எடுத்துக்கிட்டாங்க. நான் ருக்மிணி தேவி அருண்டேல் என்று சொன்னேன். பரதநாட்டியம் ஆடினவங்கதானே, அவங்களுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார். எங்க குழு குளியல் பொடியும் சோப்பும் செய்கிற குழு. சம்பந்தம் அந்தச் சோப்பில்தான் இருக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படிங்க சகோதரிகளே, சுற்றித்தான் அங்கே வர முடியும்.

ருக்மிணி தேவி பிறந்தது மதுரையில், 1904-ஆம் வருடம் பிப்ரவரி 29-ஆம் தேதி. நாலு வருடத்துக்கு ஒரு முறை வரும் தேதி. 82 வயதை நெருங்கும் வரை வாழ்ந்தவருக்கு அந்தத் தேதியில் பிறந்தநாள் வந்தது 20 முறைதான்! அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் என்ஜினீயர். அம்மா சேஷம்மாள். அப்பாவுக்குப் பிரம்மஞான சபையில் ஈடுபாடு அதிகம். வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு சென்னை அடையாறில், சபைக்குப் பக்கத்திலேயே குடியேறினார். அன்னி பெசன்ட் அம்மையார் தலைமையில் இருந்த சபை அது. மாமிசம் உண்ணாமை, உயிர்களுக்கு இரக்கம், இவை அங்கே தினசரிப் பேச்சு. ஆராய்ச்சிக்காக உயிரோடு பிராணிகளை அறுப்பதை அன்னி பெசன்ட் எதிர்த்தவர். அந்தக் காற்றில்தான் இந்தப் பெண் வளர்ந்தார்.

16 வயதில், 1920-இல், சபையில் இருந்த ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்துகொண்டார். அவர் இவரை விட ரொம்ப வயது மூத்தவர். பிராமணக் குடும்பத்துப் பெண் வெள்ளைக்காரரைக் கட்டிக்கொள்வதா என்று சென்னை முழுக்கப் பெரிய சலசலப்பு. இவர் அசைந்து கொடுக்கவில்லை.

நாட்டியக் கதை உங்களில் பலருக்குத் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்றேன். ரஷ்ய நடனக்காரர் அன்னா பாவ்லோவாவோடு கப்பல் பயணத்தில் ஏற்பட்ட பழக்கம் இவரை நடனத்துக்கு இழுத்தது. உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று அந்த அம்மா வழி காட்டினார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றுக்கொண்டு, 1935 கடைசியில் அடையாறில் மேடை ஏறினார். மறு வருடம் கலாக்ஷேத்ரா தொடங்கியது. தேவதாசிக் குடும்பங்களின் கையில் இருந்த கலை மேல்சாதி வீட்டுப் பெண்களிடம் போனதால் அந்தக் குடும்பங்கள் என்ன இழந்தன என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். அவருக்குச் சொல்லித் தந்த கௌரி அம்மாளே அப்படி ஒரு குடும்பத்துப் பெண்தான் என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம்ம ஆட்களுக்குப் பிடிக்கிற விஷயம் இன்னொன்று. 1937-லேயே அவர் கலாக்ஷேத்ராவில் தறி போட்டார். அகலக் கரை வைத்த பழைய பாணிப் புடவைகளை மறுபடி நெய்ய வைத்தார். பின்னாளில் இயற்கைச் சாயத்தில் கலம்காரி வேலையும் அங்கே வளர்ந்தது. பட்டுப் புழுவைக் கூட்டோடு வெந்நீரில் போட்டுத்தானே பட்டு எடுக்கிறார்கள், பிராணிகளுக்காகப் பேசியவர் பட்டு நெய்யலாமா என்று யாராவது கேட்பீங்க. எனக்கும் அது உறுத்துது. பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இந்த மாதிரி இடங்களை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

1945-இல் கணவர் இறந்துபோனார். 1952-இல் முதல் மாநிலங்களவை அமைந்தபோது குடியரசுத் தலைவர் நியமித்த உறுப்பினர்களில் இவரும் ஒருவர், அந்தப் பட்டியலில் இருந்த ஒரே பெண். கலைக்காகக் கொடுத்த இடம் அது. நாட்டியம், சங்கீதம், கோயில் சிலை என்று பேசிவிட்டு வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. இவர் கையில் எடுத்தது மாடு, கழுதை, குரங்கு, நாய், முயல்.

அப்போது நாட்டில் இருந்தது 1890-இல் ஆங்கிலேயர் போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டம். அது பெரும்பாலும் நகரங்களுக்குத்தான். வண்டி மாட்டைத் தெருவில் போட்டு அடித்தால் கேட்கும், கதவை மூடிக்கொண்டு உள்ளே செய்கிற சோதனையைக் கேட்காது. ருக்மிணி தேவி 1953-இல் புதுச் சட்டத்துக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். நம்ம கூட்டத்தில் ஒரு சாதாரண உறுப்பினர் எழுந்து தீர்மானம் கொண்டுவருகிற மாதிரி. அரசாங்கம் கொண்டுவராத மசோதா நிறைவேறுவது ரொம்ப அபூர்வம்.

அவர் பேச்சு சபையை உலுக்கியது. பிரதமர் நேருவே எழுந்து, நோக்கத்தில் தனக்கும் உடன்பாடுதான், ஆனால் மசோதாவைத் திரும்பப் பெறுங்கள், அரசே குழு போட்டு விரிவான சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கொடுத்தார். இந்த இடத்தில் நான் நிறைய நேரம் யோசித்தேன் சகோதரிகளே. பேங்கில் போய் நின்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். நாமும் திரும்பி வருவோம். அந்த நாளை எப்போது வரும் என்பது யாருக்குத் தெரியும்? அவர் திரும்பப் பெற்றார். சட்டம் வர 1960 டிசம்பர் ஆனது. ஏழு வருடம். நடுவில் அவரை இரண்டாம் முறையும் உறுப்பினராக நியமித்தார்கள், அதனால் சட்டம் நிறைவேறும்போது அவரும் சபையில் இருந்தார்.

கிடைத்தது அவர் விரும்பியதில் பாதிதான் என்பது என் கருத்து. மிருகவதைக்கு முதல் முறை அபராதம் அதிகம் போனால் 50 ரூபாய். 1960-இல் அது காசுதான், இன்றைக்கு ஒரு கட்டுக் கீரையும் ரெண்டு தேங்காயும் வாங்க முடியாது. மதத்துக்காக உயிர்ப்பலி கொடுப்பது குற்றம் ஆகாது என்று ஒரு பிரிவு. பிராணிகள் மேல் செய்யும் ஆராய்ச்சியையும் சட்டம் தடை செய்யவில்லை. புது அறிவுக்காக, உயிர் காப்பதற்காக, நோயை எதிர்ப்பதற்காகச் செய்யலாம் என்று 14-ஆம் பிரிவு தெளிவாக அனுமதிக்குது.

ஆனால் அடுத்த பிரிவுகளைப் படித்தால், ஒரு விதை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கலாம். அறுவை செய்வதாக இருந்தால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். கை பழகுவதற்காக மட்டும் பிராணியை அறுக்கக் கூடாது. பதிவேடு வைக்க வேண்டும். தவிர்க்க முடிகிற இடத்தில் எல்லாம் சோதனையைத் தவிர்க்க வேண்டும், மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் புத்தகமும் மாதிரி உருவமும் படமும் போதும் என்றால் பிராணியைத் தொடக் கூடாது. மாற்று முறை என்ற பேச்சு உலகத்திலேயே அப்போதுதான் தலை எடுத்திருந்தது. ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள், பிராணிக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று புத்தகம் எழுதியது 1959-இல். அடுத்த வருடமே அதே எண்ணம் நம் நாட்டுச் சட்டத்தில் ஏறிவிட்டது.

இப்போது முயலுக்கு வருவோம். ஒரு கண்காட்சியில் நாங்க ஸ்டால் போட்டிருந்தபோது ஒரு கல்லூரிப் பெண், உங்க சோப்பு மிருகங்கள் மேல் சோதிக்காததா என்று கேட்டாள். நம்மகிட்ட ஏது முயலும் எலியும், இல்லம்மா என்று எங்க ஊக்குநர் சொல்லிவிட்டார். பதில் சரிதான். ஆனால் சோப்புக்கும் முயலுக்கும் என்ன என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. அப்புறம் தேடிப் படித்ததுதான் இது.

1933-இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்று ஒரு கண்ணிமைச் சாயம் விற்றது. இமையையும் புருவத்தையும் கறுப்பாக்கும். அழகு நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கண் வீங்கிப் புண்ணாகியது. பார்வையே போனவரும் உண்டு. ஒரு பெண் இறந்தார். அந்த நேரத்தில் அங்கே அழகு சாதனப் பொருளைக் கேட்கச் சட்டமே கிடையாது. இந்த மாதிரிக் கொடுமைகளால் 1938-இல் சட்டம் வந்தது. கண்ணுக்கு ஆபத்தா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி தேடினார்கள். 1944-இல் அரசு விஞ்ஞானி ஜான் ட்ரெய்ஸ் என்பவர் ஒரு முறையை எழுதினார். வெள்ளை முயலின் ஒரு கண்ணில் பொருளை விடணும், மறு கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவிடணும், நாள் கணக்கில் சிவப்பு, வீக்கம், புண் எவ்வளவு என்று மதிப்பெண் போடணும். முயல் சாது, கண் பெரிசு, கண்ணீரும் குறைவு. கண்ணீர் குறைவாக இருந்தால் போட்டது கழுவிப் போகாது. அசையாமல் இருக்கக் கழுத்தை மட்டும் வெளியே விட்டுப் பெட்டிக்குள் அடைப்பார்கள். ஷாம்பு, சோப்பு, கிரீம் என்று உலகம் முழுக்க இந்தச் சோதனை பரவியது.

ஆக, பெண்ணின் கண் போனதால் முயலின் கண்ணுக்கு வந்தது வினை. கம்பெனிக்காரர்கள் கல் நெஞ்சுக்காரர்கள் என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனசு வரலை. பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டது நம்ம மாதிரி பெண்கள்தான், நியாயமாகத்தான் கேட்டாங்க. ஆனால் முயல் கண்ணும் மனுஷக் கண்ணும் ஒன்று இல்லை. முயலுக்கு மூன்றாவது இமை உண்டு. அதன் கண் சொல்வது நம் கண்ணுக்கு எல்லா நேரமும் பொருந்தாது. உயிரும் வதைபட்டு, விடையும் முழுசாக நம்ப முடியாது என்றால் வேறு வழி தேடித்தானே ஆகணும்?

லாஷ் லூரில் இருந்த ரசாயனத்தின் பெயர் பாரா பினைலீன் டயமின், சுருக்கமாக பி.பி.டி. இன்றைக்கும் தலைமுடிச் சாயத்தில் இருக்கு. விசேஷ நாளில் தெருவோரம் விற்கிற கறுப்பு மருதாணியிலும் கலக்கிறார்கள். மருதாணி இலை கறுப்பாகப் பிடிக்காது, சிவப்பாகத்தான் பிடிக்கும். கன்னங்கரேல் என்று இருந்தால் சந்தேகப்படுங்க. முடிச் சாய பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: முதலில் தோலில் கொஞ்சம் தடவிச் சோதிக்கணும், இமைக்கும் புருவத்துக்கும் போடக் கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்று. நம் நாட்டு விதிப்படி கட்டாயம் அச்சிட வேண்டியது அது. அந்த அமெரிக்கப் பெண்களின் கதைதான் அந்த வரிக்குப் பின்னால் இருக்கு.

ருக்மிணி தேவிக்கு வருவோம். 1962-இல் அந்தச் சட்டத்தின்படி இந்தியப் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அவர்தான் தலைவர். அப்போது அதன் அலுவலகம் இருந்தது டெல்லியில் இல்லை, நம்ம சென்னையில். பல வருடம் அவர் அதை நடத்தினார். சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவும் 1964-இல் காகிதத்தில் உருவானது. ஆனால் அது விழித்துக்கொண்டு வேலை செய்தது 1990-களில்தான், விதிமுறைகள் வந்தது 1998-இல். அவர் அதைப் பார்க்கவில்லை. இதே காலத்தில் நம் நாட்டுக் குரங்குகள் ஆயிரம் ஆயிரமாக வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. போலியோ தடுப்பு மருந்துக்கு அவை தேவைப்பட்டன. பிள்ளைகளை நடக்க வைத்த மருந்து அது என்பதும் உண்மை. 1978-இல் மொரார்ஜி தேசாய் அரசு குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது. குரங்கின் சிறுநீரகத்தில் இருந்து ஒரு முறை எடுத்த செல்களை ஆய்வகத்திலேயே திரும்பத் திரும்ப வளர்த்து, அதில் மருந்து தயாரிக்கும் வழி பிறகு வந்தது.

அதே மொரார்ஜி தேசாய் 1977-இல், குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கிறீர்களா என்று ருக்மிணி தேவியைக் கேட்டார். நின்றிருந்தால் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவர் ஆகியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருவான்மியூரில் மரத்தடி வகுப்புகளைப் பார்க்கப் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார்.

அவர் போய் 28 வருடம் கழித்து, 2014 மே மாதத்தில், அழகு சாதனப் பொருளைச் சோதிக்க எந்தப் பிராணியையும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதே வருடம் நவம்பரில், வெளிநாட்டில் பிராணி மேல் சோதித்த அழகு சாதனப் பொருள் இங்கே இறங்குவதற்கும் தடை. தெற்காசியாவில் முதலில் செய்தது நாம்தான். இது அவருடைய சட்டத்தின் நேரடிப் பிரிவால் வந்தது இல்லை, மருந்து மற்றும் அழகு சாதனப் பொருள் விதிகளில் செய்த திருத்தம். பல அமைப்புகள் பல வருடம் போராடின. ஆனாலும் தவிர்க்க முடிந்தால் தவிர் என்று 1960-லேயே நாடு எழுதி வைத்திருந்தது பேச வந்தவர்களுக்குப் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் இப்போது எப்படிச் சோதிக்கிறார்கள்? அறுவை சிகிச்சையில் மிச்சமாகும் மனிதத் தோலில் இருந்து செல்களை எடுத்து, சட்டைப் பொத்தான் அளவில் தோலாகவே வளர்க்கிறார்கள். அதன் மேல் பொருளை வைத்துவிட்டு ஒரு சாயம் விடுவார்கள். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும், செத்த செல் மாற்றாது. நிறத்தை அளந்து தோலுக்கு எரிச்சல் தருமா என்று சொல்லிவிடலாம். கண்ணுக்கு, இறைச்சிக்காக வெட்டிய மாட்டின் கண் விழிப்படலத்தை வாங்கிவந்து சோதிக்கும் முறை இருக்கு. அடைகாத்த கோழி முட்டையின் உள் சவ்வில் விட்டுப் பார்க்கும் முறையும் இருக்கு.

நம்ம மாதிரி சின்னக் குழுவுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் இயற்கைப் பொருள்தானே, ஒன்றும் செய்யாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. எங்க யூனிட்டில் செய்வதைச் சொல்றேன். சோப்புக்கு ஆபத்து காஸ்டிக் சோடாவில். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 180 கிராம், அதே ஒரு கிலோ விளக்கெண்ணெய்க்கு 130 கிராம் அளவுதான். எண்ணெய் மாறினால் கணக்கும் மாறணும். கை அளவு, கண் அளவு கூடவே கூடாது, தராசுதான். நாங்க கணக்கில் இருந்து நூற்றுக்கு அஞ்சு குறைத்துத்தான் போடுவோம். காஸ்டிக்கைத் தண்ணீரில் கொட்டணும், காஸ்டிக் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரும் பக்கத்தில் வரக் கூடாது. வெட்டிய கட்டியை நாலு வாரத்துக்கு மேல் காற்றாட வைத்த பிறகே உறை போடுவோம்.

குளியல் பொடிக்கு ஈரம்தான் எதிரி. ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் சரியாகக் காயாமல் அரைத்தால் பூஞ்சை வரும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆய்வகத்தில் கிருமி எண்ணிக்கை பார்க்கணும். நிறம் சேர்க்கிறவர்கள் ஈயமும் ஆர்சனிக்கும் பார்க்கணும். நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேலும், ஆர்சனிக் 2 பங்குக்கு மேலும் இருக்கக் கூடாது என்பது விதி. இதை எல்லாம் இயந்திரம் அளக்கும், முயல் தேவையில்லை. கடைசியில் எங்க முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்ப்போம், அதுவும் இஷ்டப்பட்டு முன்வருகிறவர்கள் மட்டும். விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் வேண்டும் என்பதையும், உறையில் பேட்ச் எண், தேதி, சேர்மானம், முகவரி கட்டாயம் என்பதையும் மறக்காதீங்க.

வாங்குகிற பக்கமும் பார்க்கணும். எங்க தெருவில் ஒருத்தங்க ஒரே வாரத்தில் வெளுக்கும் என்று சொல்லி விற்ற கிரீமைப் பூசி, முகமெல்லாம் திட்டுத் திட்டாகி ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கு நடந்தாங்க. டப்பாவில் செய்தவர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. அந்த மாதிரி கிரீம்களில் பாதரசம் கலப்பது உண்டு. அது தோலோடு நிற்காது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். முகவரி இல்லாத டப்பாவைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

இந்த வருடம் வெளியூர் அனுபவப் பயணத்துக்குச் சென்னை போவதாக இருந்தால், கண்காட்சி, கடற்கரையோடு திருவான்மியூர் கலாக்ஷேத்ராவையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நம்ம கூட்டமைப்புச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே கைத்தொழில் மையத்தில் தறியும் இயற்கைச் சாய வேலையும் நடக்குது. நெசவு செய்கிற, சாயம் போடுகிற குழுக்காரங்க முன்கூட்டியே பெயர் கொடுத்தால் நல்லது, ஒரு வேனுக்கு ஆள் சேர்ந்தால் போதும்.